குலோத்துங்கசோழப்பட்டினமும் அதன் சுற்றுப்புறமும்: விசாகப்பட்டினப் பயணத் தடங்களின் வரலாறு

முன்னுரை

கிழக்குக் கடற்கரையில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்த துறைமுக நகரம் விசாகப்பட்டினம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகள் கடலைத் தொடும் அளவுக்கு இறங்கி வருவதால் நகரையும் மலையையும் கடலையும் ஒரே பார்வையில் காணும் வாய்ப்பு இங்கு உண்டு. இன்று இந்நகருக்கு வருவோர் இராமகிருஷ்ணா கடற்கரை, கைலாசகிரி, ரிஷிகொண்டா, சிம்மாசலம், பீமுனிப்பட்டணம், போர்ரா குகைகள், அரக்குப் பள்ளத்தாக்கு என்னும் வரிசையில் இரண்டு மூன்று நாள்களில் சுற்றிவருவது வழக்கம். இவ்வரிசை சுற்றுலாத் துறையினர் வகுத்த புதிய பட்டியல் போலத் தோன்றினும் இதிலுள்ள தடங்களுட் பல மிகப் பழையன. துறவிகளும் வணிகர்களும் அடியார்களும் படைவீரர்களும் கனிமம் தேடியோரும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நோக்கங்களுக்காக இட்ட வழிகளிலேயே இன்றைய பயணி செல்கிறார். அவ்வழிகள் உருவான வரலாற்றையும், அவற்றை ஏற்படுத்திய நோக்கம் மறைந்தபின் அவ்விடங்களுக்கு நேர்ந்த நிலையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழக வரலாற்றோடும் தமிழ் இலக்கிய வரலாற்றோடும் இந்நகருக்குள்ள தொடர்பு உரிய இடங்களில் சுட்டப்பெறுகிறது.

பெயரும் பட்டினமும்

முதலாம் குலோத்துங்கன் (1070–1120) காலத்தில் விசாகப்பட்டினம் 'குலோத்துங்கசோழப்பட்டினம்' என்னும் பெயரையும் பெற்றிருந்ததை 1090ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டால் அறியமுடிகிறது. கீழைச் சாளுக்கிய மரபில் தோன்றி, தாய்வழியில் சோழர் குருதி கொண்டு, வேங்கி நாட்டையும் சோழ நாட்டையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த மன்னன் அவன். ஆதலின் வேங்கிக்கு வடக்கே, கலிங்கத்தின் வாயிலில் அமைந்த இத்துறைமுகம் அவன் பெயரைத் தாங்கியது வியப்பன்று.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, 'விசாகப்பட்டினமான குலோத்துங்கசோழப்பட்டினம்' என்னும் வகையில் இரு பெயர்களும் இணைந்து வழங்கியமை. அரசு புதுப்பெயர் இட்டபோதும் ஊர்வழக்கிலிருந்த பழம்பெயர் கல்லிலிருந்து அகலவில்லை. சோழர் ஆட்சி ஒழிந்தபின் அரசுப் பெயர் வழக்கிழந்தது, ஊர்ப்பெயர் நிலைத்தது. நாகப்பட்டினம் சோழகுலவல்லிப்பட்டினம் என்று பெயர் பெற்றும் பின் பழைய பெயருக்கே மீண்டமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இரண்டாவது, இப்பட்டினத்தில் வணிகக் குழுக்கள் பெற்றிருந்த இடம். ஐந்நூற்றுவர் பெயரால் அமைந்த 'ஐந்நூற்றுவப் பெரும்பள்ளி' என்னும் சமய நிறுவனத்தையும், மேலை ஆசிய வணிகரோடு தொடர்புடைய அஞ்சுவண்ணம் என்னும் வணிக அமைப்பையும் இவ்வூர்க் கல்வெட்டுகள் குறிக்கின்றன. 'பள்ளி' என்னும் சொல்லைக் கொண்டு மட்டும் அந்நிறுவனத்தின் சமயத்தைத் துணிதல் இயலாது. குலோத்துங்கனின் இருபதாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட சிறிய லெய்டன் செப்பேடு நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரங்களை இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என வழங்குகிறது. சமணப் பள்ளியும் இசுலாமியர் தொழுமிடமும் தமிழில் பள்ளி என்றே பெயர் பெற்றன. பல சமயத்தார் வந்து தங்கும் துறைமுகத்தில் எல்லார்க்கும் பொதுவாய் வழங்கக்கூடிய சொல்லாக அது அமைந்தது எனலாம்.

இக்கல்வெட்டு எழுந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துக் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சோழப்படை கலிங்கத்தின்மீது சென்றது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி அப்படையெடுப்பைத் தமிழ் இலக்கியத்தில் நிலைபெறச் செய்தது. விளைவாக, தமிழ் மாணாக்கர் மனத்தில் கலிங்கம் என்பது போர்க்களமாகவே பதிந்துவிட்டது. அதே மன்னன் காலத்தில், அதே கடற்கரையில், பள்ளி ஒன்றைப் பேணி வணிகம் நடத்திய மாந்தரைப் பற்றிப் பேச எந்தச் சிற்றிலக்கியமும் எழவில்லை. கல்வெட்டு மட்டுமே சான்றாக உள்ளது. வென்றோரின் பாடலை மட்டும் கற்று ஒரு நிலப்பகுதியை அறிந்ததாகக் கொள்வது வரலாற்று நோக்கில் குறையுடையது. பரணியையும் கல்வெட்டையும் அருகருகே வைத்துக் கற்கும்போதுதான் அக்காலக் கிழக்குக் கடற்கரையின் முழு உருவம் புலனாகும்.

மலைமேல் தொட்டிகள்

நகரிலிருந்து பீமுனிப்பட்டணம் செல்லும் கடற்கரைச் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் தொட்லகொண்டா என்னும் குன்று உள்ளது. கடல்மட்டத்திலிருந்து 128 மீட்டர் உயரமுள்ள இதன் உச்சியில் பெரிய தூபி, சிறு தூபிகள், துறவியர் உறையும் அறைகள், பொதுக்கூடம், உணவுக்கூடம் ஆகியவற்றின் எச்சங்கள் வெளிப்பட்டுள்ளன. 1970களில் கடற்படையினர் நடத்திய வான்வழி அளவீட்டின்போது தெரியவந்த இவ்விடத்தை ஆந்திர மாநிலத் தொல்லியல் துறை 1988 முதல் 1993 வரை அகழாய்வு செய்தது. அருகிலுள்ள பாவிகொண்டாவில் அதற்குமுன் 1980களில் அகழாய்வு நடைபெற்று, எலும்புத் துண்டு அடங்கிய பேழை முதலியன கிடைத்தன. பீமுனிப்பட்டணத்தை அடுத்த பாவுரால கொண்டாவிலும் பௌத்த எச்சங்கள் உள்ளன. அனகாபள்ளியை அடுத்த சங்கரத்தில் பொஜ்ஜன்னகொண்டா, லிங்காலகொண்டா என்னும் இரு குன்றுகளில் பாறையைக் குடைந்தும் செங்கல்லால் கட்டியும் அமைத்த தூபிகளை அலெக்சாண்டர் ரீ 1907–08இல் ஆராய்ந்தார்.

இக்குன்றுகளின் பெயர்கள் தமிழறிந்தோர்க்கு எளிதில் பொருள் தருவன. மழைநீரைத் தேக்கப் பாறையில் வெட்டிய தொட்டிகள் பல இருப்பதால் தொட்லகொண்டா என்றும், கிணறுகள் இருப்பதால் பாவிகொண்டா என்றும் பெயர்கள் அமைந்தன. தெலுங்கின் 'பாவி'யும் தமிழின் 'வாவி'யும் ஒரே மூலத்தன. துறவியர் மறைந்து, அவர்தம் நெறியும் மறந்து, விகாரங்களின் உண்மைப் பெயர்கள் ஊரார் நினைவிலிருந்து நீங்கிய பின்னும் அவர்கள் நீர் தேக்கிய முறை மட்டும் பெயராக எஞ்சியமை சிந்தனைக்குரியது. ஆடு மேய்ப்போரும் விறகு சேர்ப்போரும் அந்நீரைப் பயன்படுத்தியிருத்தல் இயல்பு. பயன்பட்டதன் பெயரையே மக்கள் நாவு காத்தது.

வற்றாத ஊற்று இல்லாத குன்றின்மேல் துறவியர் ஏன் தங்கினர் என்னும் வினாவுக்கு விடை கடலில் உள்ளது. தொட்லகொண்டாவில் சாதவாகனர் காசுகளோடு உரோமானிய வெள்ளிக் காசுகளும் கிடைத்துள்ளன. கப்பல்வழி வணிகத்தின் செல்வம் இக்குன்றுகளுக்கு ஏறியதை இவை காட்டுகின்றன. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்னும் விதியுடைய துறவியர்க்கு, ஊரின் ஓசைக்கு எட்டாமலும் வணிகரின் கொடைக்கு எட்டும் தூரத்திலும் அமைந்த இடம் தேவைப்பட்டது. இன்றைய பயணி காற்றும் காட்சியும் நாடி ஏறும் குன்று, அன்று துறவுக்கும் வணிகத்துக்கும் இடைப்பட்ட இருப்பிடமாக விளங்கியது.

அடியார் வழி

நகரின் வடபால் அமைந்த சிம்மாசலம் வராக லட்சுமி நரசிம்மர் கோயில் இப்பகுதியின் பயண வரலாற்றில் தொடர்ச்சி அறாத ஒரே தலம். இங்குள்ள கல்வெட்டுகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது 1098–99ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதுவும் குலோத்துங்கன் ஆட்சிக்காலமே. பதின்மூன்றாம் நூற்றாண்டில், கோணார்க் சூரியக் கோயிலை எழுப்பிய கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன் காலத்தில் இக்கோயில் பெருந்திருப்பணி பெற்றது. கஜபதி மன்னரை வென்ற கிருஷ்ணதேவராயர் 1516ஆம் ஆண்டு இங்கு வந்து அணிகலன்களும் ஊர்களும் வழங்கியதைக் கோயிற் கல்வெட்டு தெரிவிக்கிறது. சோழர், கங்கர், விசயநகரத்தார் என மாறிமாறி வந்த ஆட்சியாளர் ஒவ்வொருவரும் தம் வெற்றியை இம்மலையில் பதிவுசெய்தனர். ஒருவர் பதிவை மற்றவர் அழிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆண்டு முழுவதும் சந்தனப்பூச்சால் மூடப்பெற்று இலிங்க வடிவம் போலக் காட்சிதரும் மூலவரை, அட்சய திருதியை நாளில் மட்டும் சந்தனம் நீக்கிய இயற்கை வடிவில் காணலாம். சந்தன யாத்திரை என்று வழங்கும் அந்நாளில் ஆந்திரத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் மக்கள் திரள்வர். வங்கத்திலிருந்து தென்னாடு நோக்கி வந்த சைதன்யர் இத்தலத்தை வழிபட்டதைச் சைதன்ய சரிதாம்ருதம் கூறுகிறது. பூரிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே நடந்த அடியார்களுக்குக் கிழக்குக் கரையோர வழியில் இது இயல்பான தங்குமிடமாயிற்று.

இவ்வழியின் பிற்காலச் சான்றாக ஏனுகுல வீராசாமியைச் சுட்டலாம். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக விளங்கிய அவர் 1830இல் காசிக்குப் புறப்பட்டு, கல்கத்தா, பூரி வழியாகக் கிழக்குக் கரையோரமாக 1831இல் சென்னை திரும்பினார். வழிநெடுக எழுதிய நாட்குறிப்பு 'காசியாத்திர சரித்திரம்' என்னும் பெயரில் 1838இல் தெலுங்கில் அச்சாயிற்று. தலவழிபாட்டுப் பயணமாகத் தொடங்கியது, சாலை, சத்திரம், விளைபொருள், மக்கள் வழக்கம் ஆகியவற்றையும் பதியும் பயண நூலாக மாறியமையை அதில் காணலாம். அடியாரின் பயணத்துக்கும் இன்றைய சுற்றுலாவுக்கும் இடைப்பட்ட படிநிலை அது.

துறையும் கல்லறையும்

கோஸ்தனி ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் பீமுனிப்பட்டணம் அமைந்துள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இங்கு வணிகக் குடியேற்றம் நிறுவினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் முதலில் பழவேற்காட்டிலும் 1690 முதல் நாகப்பட்டினத்திலும் இருந்தது. ஆகவே பீமுனிப்பட்டணம் தமிழகத் துறைமுகங்களோடு ஒரே வணிக நிருவாகத்தில் இணைந்த ஊராகும். 1824ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் செய்த உடன்படிக்கைப்படி இவ்வூர் 1825இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1861இல் நகராட்சியாயிற்று, இந்தியாவின் தொன்மையான நகராட்சிகளுள் இது ஒன்றாக இருந்தது.

ஒல்லாந்தர் விட்டுச்சென்றவற்றுள் இன்று பயணிகள் காண்பது பெரும்பாலும் கல்லறைகளையே. பழவேற்காட்டிலும் இதுவே நிலை. வணிகத்துக்காக வந்தோரின் பண்டசாலைகள் அழிந்து, அவர்தம் கல்லறைகள் எஞ்சியமையால், அவ்வணிகத்துக்குத் துணி நெய்த உள்ளூர் நெசவாளர்க்கு எந்த நினைவுச் சின்னமும் இல்லாது போயிற்று. சின்னம் எஞ்சிய இடத்தையே பயணி காண்கிறார். சின்னம் இல்லாத உழைப்பு பயணப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் துறைமுகத்தின் மையம் மீண்டும் விசாகப்பட்டினத்துக்கு மாறியது. 'டால்பின் மூக்கு' எனப்படும் மலைமுனையின் காப்பில் அமைந்த புதிய துறைமுகம் 1933இல் திறக்கப்பட்டது. மத்திய மாகாணங்களின் மாங்கனீசுத் தாதுவைக் கடல் கடத்துவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. துறைமுகத்தின் சிறப்பே அதற்குத் தீங்கையும் கொணர்ந்தது. 1942 ஏப்ரல் 6ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இந்நகரின்மீது குண்டு வீசின. 1971ஆம் ஆண்டுப் போரின்போது பாகிஸ்தானின் காசி என்னும் நீர்மூழ்கிக் கப்பல் இத்துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. 1969இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து 2001இல் பணி ஓய்வு பெற்ற குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் 2002 முதல் இராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

தாதுவின் வழி, மலையின் மக்கள்

அரக்குப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் இரயில் பயணம் இன்று இந்நகரின் முதன்மைக் கவர்ச்சிகளுள் ஒன்று. 2017 முதல் கண்ணாடிக் கூரையுடைய பெட்டியும் இணைக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கவழிகளைக் கடந்து, கடல்மட்டத்திலிருந்து 996 மீட்டர் உயரமுள்ள சிமிலிகுடா நிலையத்தை இத்தடம் எட்டுகிறது. ஆயின் கொத்தவலசா–கிரந்துல் தடம் பயணிகளுக்காக இடப்பட்டதன்று. பைலாடிலா மலையின் இரும்புத் தாதுவை விசாகப்பட்டினம் வழியாக ஜப்பானுக்கு அனுப்பும் பொருட்டு 1960களில் அமைக்கப்பட்டது. 1942இல் குண்டு வீசிய நாட்டுக்கு, கால் நூற்றாண்டுக்குள் அதே துறைமுகத்திலிருந்து தாது ஏற்றுமதியாயிற்று.

இத்தடத்தில் அமைந்த போர்ரா குகைகள் சுண்ணாம்புப் பாறையில் நீர் குடைந்து உண்டாக்கியவை. கோஸ்தனி ஆறு இங்குத் தோன்றிப் பீமுனிப்பட்டணத்தில் கடலடைகிறது. பசு ஒன்று குகைக் கூரையின் துளைவழி விழுந்து பிழைத்ததென்றும், உள்ளே இருந்த இலிங்கமே அதனைக் காத்ததென்றும் அங்குள்ள பழங்குடியினர் கூறுவர். 'பசுவின் மடி' எனப் பொருள்படும் ஆற்றின் பெயரும் அக்கதையோடு இணைகிறது.

இக்குகைப் பகுதியின் அண்மைக்கால வரலாற்றில் தலைமையான நிகழ்ச்சி 1997 ஜூலை 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த சமதா தீர்ப்பு. அனந்தகிரி வட்டாரத்தில், போர்ரா ஒதுக்கப்பட்ட காட்டுப் பகுதியிலும் சூழவுள்ள சிற்றூர்களிலும் தனியார்க்குச் சுரங்கக் குத்தகை வழங்கப்பட்டதைத் தன்னார்வ அமைப்பு ஒன்று எதிர்த்து வழக்குத் தொடுத்தது. பழங்குடியினர் அல்லாதார்க்கு நிலத்தை மாற்றுவதைத் தடைசெய்யும் சட்டத்தில் வரும் 'நபர்' என்னும் சொல் அரசையும் உள்ளடக்கும் என நீதிமன்றம் கொண்டது. ஆகவே, அட்டவணைப் பகுதியிலுள்ள அரசு நிலத்தையும் பழங்குடியினர் அல்லாத தனியார்க்குக் குத்தகைக்கு விடுதல் செல்லாது எனத் தீர்ந்தது. ஒரு சொல்லின் பொருளெல்லை மலைவாழ் மக்களின் வாழ்நிலத்தைக் காத்ததற்கு இது சான்று. குகையைக் காண வருவோரில் பெரும்பாலோர் இத்தீர்ப்பை அறியார். எனினும் அவர்கள் காணும் பசுமையில் அதற்கும் பங்குண்டு. அதே மலைகளில் பழங்குடி உழவர் விளைக்கும் அரக்குக் காப்பி 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

காட்சியும் காப்பும்

மேற்கூறிய இடங்களை அவற்றின் நோக்கம் கொண்டு மூவகைப்படுத்தலாம். முதல்வகை, தோற்றுவித்த நோக்கம் மறைந்த இடங்கள்: தொட்லகொண்டா, பீமுனிப்பட்டணம். இரண்டாம் வகை, நோக்கம் இன்றும் தொடரும் இடம்: சிம்மாசலம். மூன்றாம் வகை, பிறிதொரு நோக்கம் தொடர, காட்சி அதன்மேல் ஏறிவரும் இடம்: அரக்கு இரயில்தடம். இரண்டாம் வகையைக் காக்க அடியார் உள்ளனர். மூன்றாம் வகையைக் காக்கத் தாது வணிகம் உள்ளது. முதல்வகைக்கு உரியோர் இலர். பயணியரும் ஆய்வாளரும் அரசுமே அதற்குப் பொறுப்பாகின்றனர்.

அப்பொறுப்பு எளிதில் நிறைவேறுவதன்று. தொட்லகொண்டாவில் அகழாய்வுக்குப்பின் மீளக் கட்டப்பட்டிருந்த பெரிய தூபியின் பகுதி 2019 அக்டோபர் மழையில் சரிந்தது. மழைநீரை வழிப்படுத்தித் தொட்டிகளில் தேக்கியவர் வாழ்ந்த குன்றில், அம்மழையே தூபியைச் சாய்த்தது. நீர் செல்லும் வழியை அறிவதும் கல்லை அடுக்குவதும் ஒரே பணியின் இரு கூறுகள் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

கடற்கரைச் சாலையிலுள்ள எர்ரமட்டி திப்பலு என்னும் செம்மணல் மேடுகளும் இவ்வகையில் கருதத்தக்கன. மனிதர் எவரும் ஆக்காத இம்மேடுகள் கடலின் ஏற்றத்தாழ்வையும் காற்றின் போக்கையும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பதிந்து வைத்திருப்பவை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் 'தேரி' என வழங்கும் செம்மணல் நிலத்தோடு இவற்றை நிலவியலார் ஒப்பிடுவர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 2014இல் இதனைப் புவிமரபுச் சின்னமாக ஏற்றது. 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான தற்காலிகப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆயினும் நெகிழ்ந்த மணலாலான மேடு, ஒவ்வொரு காலடிக்கும் சிறிது சரியும் இயல்பினது. மிகுதியாகக் காணப்படுவதே அதற்குக் கேடாகலாம். பழங்குடியினரின் நிலத்தைக் காத்தது போன்ற தெளிவான எல்லை இங்கும் வகுக்கப்பட்டுக் கடைப்பிடிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

விசாகப்பட்டினத்தின் சுற்றுப்புறத்தைக் காணச் செல்லும் வழிகள் துறவியரின் நீர்த்தேவையாலும், வணிகரின் கொடையாலும், அடியாரின் நடையாலும், தாதுவின் ஏற்றுமதியாலும் உருவானவை. குலோத்துங்கனின் பெயர் இத்துறைமுகத்தில் நிலைக்கவில்லை. பாறைத் தொட்டியின் பெயர் குன்றில் நிலைத்தது. அரசாணை இட்ட பெயரைவிடப் பயன்பாடு இட்ட பெயர் நெடிது வாழும் என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

தமிழாய்வு இதிலிருந்து பெறத்தக்க பயன் ஒன்றுண்டு. கலிங்கத்துப்பரணியைப் பயிற்றும்போது 1090ஆம் ஆண்டு விசாகப்பட்டினக் கல்வெட்டையும் பாடத்தோடு இணைத்தல் வேண்டும். மாணாக்கரைக் கலிங்க நாட்டுக்கு அழைத்துச் செல்லும் கல்விப் பயணங்களில் கடற்கரையோடு தொட்லகொண்டாவையும், போர்ரா குகையோடு சமதா தீர்ப்பையும் அறிமுகப்படுத்துதல் வேண்டும். அவ்வாறு செல்வோர் பரணியில் படித்த கலிங்கத்துக்கு அப்பால், மக்கள் வாழ்ந்த, இன்றும் வாழும் கலிங்கத்தைக் கண்டு திரும்புவர்.